பை காவல்

ஸ்டெஃபிக்கு முப்பத்தொரு வயசு. காட்டுப்பாக்கத்தில் அவள் தெருவில் மட்டும் இன்னும் 'பாப்பா'. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு வயசு ஏறாது என்று இந்த ஜனங்களுக்கு யார் சொன்னார்களோ! கூடப் படித்தவளெல்லாம் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்து வாசலில் விட்டுவிட்டு வருகிறாள். இவள் கன்னத்தை மட்டும் வருகிறவர் போகிறவரெல்லாம் கிள்ளுகிறார்கள்.

பிறக்கும்போதே முதுகெலும்பில் கோளாறு. கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. அது பழகிப்போன சங்கதி, உட்கார்ந்து அழ அவளுக்கு நேரமும் கிடையாது. ஒரு பார்சல் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே புகார் கேட்கிற வேலை. "என் பொருள் இன்னும் வரல, உன் கம்பெனி நாசமாப் போக" என்று காலையிலிருந்து ஊரே அவளைத் திட்டும். "புரியுது சார், மன்னிக்கணும் சார்" என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாள். அடுத்தவன் கோபத்தை வாங்கி வைப்பதற்குச் சம்பளம் உண்டு. தன் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்றுதான் தெரியாது.

கால் நடக்காததைவிட அவளுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்புகிற விஷயம் ஒன்று உண்டு. அது பை காவல்.

பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனாலும் சரி, கல்லூரியில் போனாலும் சரி, சித்தி பெண்களோடு பொருட்காட்சிக்குப் போனாலும் சரி, ராட்டினத்துக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து அவள் நாற்காலியை நிறுத்துவார்கள். "ஸ்டெஃபி, இதைக் கொஞ்சம் பாத்துக்கோடி." ஒரு பை வரும். அப்புறம் இன்னொன்று. அப்புறம் போன், கண்ணாடி, ஈரத்துண்டு, யாரோ ஒருத்தியின் செருப்புகூட. மடியில் குவிந்து மோவாய்வரை வந்துவிடும். மேலே அவர்கள் கத்துவது கேட்கும். இறங்கி வந்து, "ஐயோ, நீ வந்திருக்கணும்டி, செம!" என்பார்கள். அவளும் வந்துதானே இருக்கிறாள், பாவி மக்களா! கீழே உட்கார்ந்திருந்தது யார், பேயா?

ராட்டினம் உச்சியில் கொஞ்சநேரம் நிற்குமாமே, அங்கேயிருந்து பார்த்தால் ஊர் எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. உலகத்தில் அவளுக்கு நிறைவேறாத ஆசை ஆயிரம் இல்லை. இது ஒன்றுதான்.

இந்த லட்சணத்தில் கோதுமையும் ஆகாது. ஒரு வாய் உள்ளே போனால் குடல் வீங்கிப் படுக்கையில் தள்ளிவிடும். சப்பாத்தி, பரோட்டா கூடாது என்றால் ஜனங்களுக்குப் புரிகிறது. மைதாவும் சேமியாவும் அதே கோதுமைதான் என்றால், "அட, சும்மா இரு" என்கிறார்கள். கடைப் பெருங்காயத்தில் மைதா கலப்பார்கள், அதனால் ஹோட்டல் சாம்பார்கூட ஆகாது என்று சொன்னால், பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். கோவிலில் கொடுக்கிற நற்கருணை அப்பமும் கோதுமைதான். சாமியார் விவரம் தெரிந்தவர், அவளுக்கு மட்டும் கிண்ணத்திலிருந்து திராட்சை இரசம் கொடுப்பார். அதற்கும் பின்வரிசையில் முணுமுணுப்பு. "ஆண்டவரோட உடம்பே ஒருத்திக்கு ஒத்துக்கலன்னா பாத்துக்கயேன்" என்று பூசை முடிந்து வாசலில் நின்று சொன்னது வேறு யாருமில்லை, லூர்தம்மாள்தான்.

லூர்தம்மாள் அந்தத் தெரு அன்பியத்தின் தலைவி. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரத்துக்கொரு முறை ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லுமே, அதுதான் அன்பியம். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு முதலில் வந்து நிற்பவள் லூர்தம்மாள். கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அவள் ஒருத்திமேல் பாசம் வைத்துவிட்டால் அந்த ஒருத்தி வாயே திறக்கக்கூடாது. அவ்வளவு பாசம்!

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்து, கோடை விடுமுறையில் எல்லாருமாக எங்கே போவது என்று பேச்சு வந்தது. பிள்ளைகள் "ஜாலி வேர்ல்ட்! ஜாலி வேர்ல்ட்!" என்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தின. அன்பியத்துக்குச் செயலர் ஸ்டெஃபிதான். "ஏற்பாடெல்லாம் நான் பண்றேன்" என்று வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை நானும் ஏறப்போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளே பார்க்குக்குப் போன் போட்டாள்.

"சார், ஜெயன்ட் வீல்ல ஏறுறதுக்கு எத்தனை படி இருக்கு?"

"வீல்சேர் நாங்களே ஃப்ரீயா தர்றோம் மேடம்."

"வீல்சேர் என்கிட்டயே இருக்கு சார். படி எத்தனை?"

"வீல்சேர்ல வர்றவங்க உட்காந்து பாக்குறதுக்கு நல்ல நிழல் இருக்கு மேடம்."

நிழலாம் நிழல்! பாதி ஆயுசு நிழலில்தானே போச்சு.

அடுத்த தடவை வேறொருத்தன் எடுத்தான். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்களாம். எனக்குக் கோதுமை ஆகாது, வீட்டுச் சோறுதான் சாப்பிட முடியும் என்று விளக்கினாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம், நூடுல்ஸ் இருக்கு" என்றான். ஸ்டெஃபி போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு ரெண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் கூப்பிட்டபோதெல்லாம் காத்திருக்கச் சொல்லி ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பாட்டு மனப்பாடம் ஆனதுதான் மிச்சம்.

புகார் கேட்டே பிழைக்கிறவளுக்கு ஒன்று தெரியும். முன்னால் உட்கார்ந்து போன் எடுக்கிறவனுக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. ராட்டினத்தை ஓட்டுகிற ஆளிடமே பேசவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். கெஞ்சினாள், குரலை உயர்த்தினாள். கடைசியில் கஸ்தூரி என்று ஒருத்தி லைனில் வந்தாள்.

"படி இருக்குக்கா. ஆனா பின்பக்கம் ரிப்பேர் சாமான் தள்ளிக்கினு வர்ற சரிவு ஒண்ணு இருக்கு. அந்தக் கேட்டைத் திறந்தா உங்க நாற்காலி நேரா கூண்டுகிட்டயே வந்துடும். ஞாயித்துக்கிழமை மட்டும் வராதீங்க, கூட்டம் மிதிச்சிடும். பதினாலாம் தேதி காலையில வாங்க, என் ட்யூட்டிதான். வீலை நிறுத்தியே ஏத்துறேன். அதுக்கு மறுநாள் என்னைத் தண்ணி விளையாட்டுப் பக்கம் மாத்திடுவாங்க, அதான் சொல்றேன். சோத்துக்கு டாக்டர் சீட்டு ஒண்ணு எடுத்துனு வாங்க, கேட்டுல நான் சொல்லி வெக்கிறேன்."

ஸ்டெஃபி தேதியை அப்போதே எழுதி வைத்துக்கொண்டாள். அவள் கேட்டதற்கு 'முடியாது' என்றோ 'நிழல் இருக்கு' என்றோ சொல்லாமல், எப்படி ஏற்றலாம் என்று யோசித்துப் பதில் சொன்ன முதல் ஆள் இந்தக் கஸ்தூரிதான். முகம்கூடப் பார்த்ததில்லை.

வேன் ரூபஸுடையது. அவனும் அன்பியத்துக்காரன்தான். விஷயத்தைச் சொன்னதும், "அட, இவ்ளோதானா? நாற்காலியோட உன்ன ஏத்துறதுக்குப் பலகை ஒண்ணு அடிச்சிட்டா முடிஞ்சிது. நீ பேஜாராவாத" என்றான். சொன்னபடியே பலகையும் அடித்துவிட்டான்.

அந்த வாரம் கூட்டம் லூர்தம்மாள் வீட்டில். மழைத்தண்ணீர் ஏறாமலிருக்க வாசலை உயர்த்திக் கட்டிய வீடு. ரூபஸ் ஒரு பக்கம், அவன் தம்பி ஒரு பக்கம் பிடித்து நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். பின்னாலேயே ஸ்டெஃபியின் அம்மா அன்னம்மாள் வந்தாள். கூடத்திலிருந்த எல்லாரும் ஸ்டெஃபியைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்கள். பிள்ளைகள் மட்டும் மூலையில் உம்மென்று இருந்தன.

"பாப்பா, உனக்கு ஒரு சந்தோச சமாச்சாரம்" என்றாள் லூர்தம்மாள். "ஜாலி வேர்ல்டு வாணாம்னு எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டோம். நாங்கல்லாம் மேல ஆடிகினு கீறப்ப நீ மட்டும் கீழ பை பாத்துகினு குந்தினு இருந்தா எங்களுக்கு மனசு கேக்குமா? அதான், அதே பதினாலாந்தேதி மாதா கோயிலுக்கு யாத்திரை போறோம். உன்ன மாதா பாதத்துல வெச்சு, எல்லாரும் முட்டி போட்டு ஜெபம் பண்ணப்போறோம். நீ எழுந்து நடக்கப்போற, பாரேன்!"

எல்லாரும் கைதட்டினார்கள். பிள்ளைகள் ஸ்டெஃபியை முறைத்தன. அவளால்தானே எல்லாம் கெட்டது!

"ஆன்ட்டி, நான் அங்க பேசி வெச்சுட்டேன். நானும் ஏறலாம். ஏத்தறேன்னு சொல்லிட்டாங்க."

"ஏறுறதா? நீயா? விழுந்து கிழுந்து வெச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"எனக்கு நானே பதில் சொல்லிக்கறேன் ஆன்ட்டி."

"கோவத்தப் பாரு பாப்பாவுக்கு!" என்று லூர்தம்மாள் கன்னத்தைக் கிள்ளினாள். கூடமே சிரித்தது.

ஸ்டெஃபி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். போனில் அவள் பட்ட பாடெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவள் அன்னம்மாள். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "ஆசையாதானே பண்றாங்க ஸ்டெஃபி. போனாத்தான் என்ன? மாதா கண் திறந்தா..." என்று இழுத்தாள். மற்றவர்கள் சொன்னது காதோடு போனது, இது நெஞ்சில் போய்த் தைத்தது. பெற்றவளுக்கும் நான் இப்படியே இருந்தால் போதாதா என்று நினைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. இந்த ஜனங்களுக்கு முன்னால் அழுவேனா என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குள் லூர்தம்மாள் உள்ளேயிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். "உனக்குன்னே தனியா கிண்டினது. ரவா கேசரி. கோதுமை ஒரு துளிகூடக் கிடையாது."

"ஆன்ட்டி, ரவை கோதுமைதான்."

"அது எப்படிம்மா? ரவை ரவை, கோதுமை கோதுமை. நெய்யா ஊத்தியிருக்கேன், ஒரு வாய் துன்னு பாரு."

ஆமாம் ஆமாம் என்றது கூடம். முந்திரியெல்லாம் போட்டு அருமையாகத்தான் கிண்டியிருந்தாள் மகராசி. ஸ்டெஃபி தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடி என்றால் எல்லாருக்கும் எதையாவது வைக்கத்தான் தோன்றும்.

மெழுகுத்திரி ஏற்றினார்கள். பாட்டு முடிந்தது, வாசகம் முடிந்தது. அடுத்தது மன்றாட்டு. வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருத்தராகத் தங்கள் வேண்டுதலைச் சொல்லி, 'ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்' என்று முடிக்க, மற்றவர்கள் ஒரே குரலில் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்பார்கள். குழந்தைப் பருவத்திலிருந்து சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் கேட்டாலும் வாய் தானாகச் சொல்லிவிடும்.

மெட்ரோக்காரர்கள் தோண்டிப்போட்ட ரோட்டைச் சீக்கிரம் திருப்பித் தரவேண்டும் என்று ரூபஸ் வேண்டினான். கேட்டருளும் என்றார்கள். லூர்தம்மாள் கண்ணை மூடி, ரெண்டு கையையும் விரித்து, "எங்கள் அன்பு மகள் ஸ்டெஃபி எழுந்து நடந்திட வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றாள். கூடம் அதிர்ந்தது. அம்மாவின் குரலும் அதில் கேட்டது.

அடுத்தது ஸ்டெஃபி. அவள் கண்ணை மூடவில்லை.

"ஆண்டவரே, நடக்கணும்னு நான் உம்மகிட்ட கேக்கல. அவங்களா கேக்கறாங்க. சின்ன வயசுலேருந்து எல்லாரும் என் மடியில பையைப் போட்டுட்டு மேல போயிட்டாங்க. நான் கீழயே இருந்தேன். வர்ற பதினாலாம் தேதி நான் இந்த நாற்காலியோட போய் ராட்டினத்துல ஏறணும். நான் மேல போயிட்டு வர்றவரைக்கும் லூர்தம்மாள் ஆன்ட்டி கீழ உக்காந்து என் பையைப் பாத்துக்கணும்." குரல் உடைந்தது. ஆனாலும் முடித்தாள். "ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

வழக்கம்போல முதல் குரல் லூர்தம்மாளுடையது. கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து, உருக்கமாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்கவேண்டும். கண் திறந்தது.

"ஆன்ட்டி, மெய்யாலுமே மெழுகுத்திரி முன்னாடி சொல்லிட்டீங்கோ" என்றான் ரூபஸ். "இனிமே மாத்தினா ஆண்டவர்கிட்ட யாரு போய் சொல்றது?"

மூலையிலிருந்து பிள்ளைகள் ஓவென்று கத்தின. யாரும் அடக்கவில்லை. அன்னம்மாள் எழுந்து வந்தாள். மகள் முகத்தைப் பார்க்காமலே, மடியிலிருந்த கேசரித் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

முடிவுப் பாட்டில் லூர்தம்மாள் பாடவே இல்லை. மெழுகுத்திரியை அணைத்தாள், பாயைச் சுருட்டினாள், ஒருத்தரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் நாற்காலிப் பக்கம் வந்து நின்றாள்.

"ஏம்மா ஸ்டெஃபி, அந்தப் பை ரொம்ப கனமா இருக்குமா?"

"இருக்கும் ஆன்ட்டி. என் சோறு மொத்தமும் அதுலதான்."