எண்ணூற்று இருபத்தைந்து ரூபாய்ச் சலான்

1990 ஜூலை 11.
1990 ஆகஸ்ட் 14. படகுக் கூலி, மூன்று பேருக்கு, இலங்கை ரூபாய் 1,500.
1990 செப்டம்பர் 5 முதல் 1991 பிப்ரவரி 6 வரை. பதினோரு தவணை, தவணைக்கு ரூ. 75, ஆக ரூ. 825.
2019 ஜூன் 17. வெளிநாட்டுப் பதிவுத் தபால், ரூ. 112.
2022 நவம்பர் 23. சலான், ரூ. 825.

முதல் வரிக்கு நேரே தொகை கிடையாது. அன்றைக்குத்தான் யோகமலரின் கணவர் தர்மகுலசிங்கத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மன்னார்த் தீவில் ஒரு கூட்டுறவுக் கடையில் எடை போடும் வேலை அவருக்கு. வயது முப்பத்து நான்கு. புதன்கிழமை காலை ஏழு மணி. கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தவரை வண்டியில் வந்தவர்கள் இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு வெளியே ஒழுங்கைக்குக் கூப்பிட்டு அடையாள அட்டை கேட்டார்கள். "உள்ளுக்கு இருக்கு, மனிசி எடுத்துக்கொண்டு வாறா" என்று அவர் சொன்னது யோகமலரின் காதில் விழுந்தது. அட்டை வழக்கமான இடத்தில் இல்லை. முதல் நாள்தான் அவள் அலமாரியைத் துடைத்து எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்திருந்தாள். எங்கே வைத்தோம் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. குழந்தையின் சட்டைகளுக்கு அடியிலிருந்து அதை உருவி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தபோது வண்டி கோயில் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. அட்டையை உயர்த்திக் காட்டியபடி அவள் திருப்பம் வரைக்கும் ஓடினாள். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

ஒரு மாதமும் மூன்று நாளும் கழித்து அவள் படகேறினாள். கூட வந்தவர்கள் இரண்டு வயது மகள் சுகந்தினியும், இருபது வயதுத் தம்பி வசீகரனும். கல்யாணம் ஆகாத இளவட்டங்களை இந்தியக் கரையில் மண்டபம் முகாமில் தனியாக நிறுத்தி விசாரிக்கிறார்கள், வேறு முகாமுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று படகு முழுக்க ஒரே பேச்சு. கரையேறிப் பதிவு வரிசையில் நிற்கும்போது வசீகரன் காதோரம் குனிந்தான்.

"அக்கா, அத்தான்ரை ஐசியைத் தாங்கோ."

"என்னத்துக்கடா?"

"கேள்வி கேளாமத் தாங்கோ. பிள்ளையையும் என்னட்டைத் தாங்கோ."

அத்தானின் அடையாள அட்டையைக் கையில் பிடித்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் போனான். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. கணவன், மனைவி, குழந்தை ஒன்று. காணாமல் போன மனிதர் அந்த ஒரு வரியில் கடல் தாண்டி வந்து சேர்ந்துவிட்டார்.

புதுக்கோட்டை மாவட்டத்து முகாமில் அவர்களுக்கு நாற்பத்தேழாம் எண் அறை கிடைத்தது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை பெயர் கூப்பிட்டு உதவித்தொகை கொடுப்பார்கள். 'தர்மகுலசிங்கம்' என்று கூப்பிட்டால் வசீகரன் எழுந்து போய்க் கையெழுத்துப் போடுவான். வரிசையில் நிற்கையில் அவனை மாமா என்று கூப்பிடக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தாள் யோகமலர். பதினோரு தவணை அப்படிப் போயிற்று. பிறகு அவன் ஓர் ஏஜென்ட் பிடித்துப் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தான். பதிவேட்டில் 'குடும்பத் தலைவர் முகாமை விட்டு வெளியேறிவிட்டார்' என்று எழுதி முடித்தார்கள்.

அதற்குப் பின் அவளுக்கு வந்த பயம் முப்பத்தோரு வருடம் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை. முகாம் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் எழுந்து கதவோரம் போய் நிற்பாள். ஜவுளிக்கடைக்குப் புடவை ஓரம் அடித்துக் கொடுத்துத்தான் மகளை வளர்த்தாள். தையல் மிஷின் ஓடுகிற நேரத்தில் வெளிச்சத்தம் கேட்காது என்பதற்காகவே அடிக்கடி மிதியை நிறுத்திக் காது கொடுப்பாள்.

காணாமல் போனவர்களை விசாரிக்க இலங்கையில் ஓர் அலுவலகம் திறந்திருக்கிறார்கள், இங்கிருந்தும் எழுதலாம் என்று 2019இல் சொன்னவள் பிளெஸ்ஸி. உதவி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் புதுக்கோட்டைப் பெண். படிவத்தை அவளே நிரப்பினாள். இணைப்புக் காகிதங்களை யோகமலர் எடுத்துக் கொடுத்தாள். ஒன்று குறைந்தாலும் நாளைக்கு வா என்று திருப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிடுவது முகாம்காரர்களின் வழக்கம். அந்த வழக்கத்தில் 1990ஆம் வருடத்துக் குடும்பப் பதிவின் நகலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். யாரும் கேட்காத காகிதம் அது.

பதில் வர மூன்று வருடம் ஆயிற்று. 2022 செப்டம்பர் 6, செவ்வாய்க்கிழமை. பிளெஸ்ஸி முதலில் மனதுக்குள் படித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தே யோகமலர் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, சார் அங்க காணாமப் போகலங்கிறாங்க. இங்க வந்து ஆறு மாசம் இருந்துட்டு எங்கிட்டோ போயிட்டாருன்னு எழுதியிருக்காங்க. நீங்க வச்ச காகிதத்துலயே இருக்காம். அது தப்புன்னா இங்க உள்ள கவர்மெண்ட் காகிதம் ஒண்ணு வேணுமாம். தொண்ணூறு நாள். இல்லாட்டி ஃபைலை மூடிருவாங்க."

கடத்திக்கொண்டு போகப்பட்ட மனிதர், பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போனவர் என்று முடியப் போகிறார். அதைத் தடுக்க வேண்டுமென்றால் கள்ளப் பதிவை அவளே அதிகாரிகளிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்று மாலையே வசீகரனுக்குப் போன் போட்டாள்.

"விடுங்கோ அக்கா" என்றான் அவன். "இந்தியாவிலை இருந்ததையே நான் இங்கை சொல்லேல்லை. என்ரை பேரை எங்கையாவது எழுதினியளெண்டால் என்ரை பிள்ளையள் றோட்டிலை."

"அப்ப அவர்?"

"அத்தான் இனி வரப்போறாரே?" என்று சொல்லி வைத்துவிட்டான்.

சுகந்தினிக்கு இப்போது முப்பத்து நான்கு வயது, புருஷன் பெயிண்ட் அடிக்கப் போகிறவர், இரண்டு பிள்ளைகள். இந்த ஊர்ப் பேச்சுத்தான் அவள் பேச்சு. விஷயத்தை முழுதாகக் கேட்டதும் எகிறினாள்.

"முகாம்ல புது வீட்டுச் சாவி கைக்கு வந்து நாலு மாசம் ஆகலம்மா. அகதி அட்டையை ரத்து பண்ணிட்டா இந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு எங்கிட்டுப் போறது? கம்முனு இருங்க."

"உனக்கு அப்பாவை ஞாபகம் இருக்கோ பிள்ளை?"

"இருக்கு. வரிசையில என்னைத் தூக்கிக்கிட்டு நிப்பாரு. சட்டைப் பையில பேனா இருக்கும்."

பேனா வைத்திருந்தது வசீகரன். மகளின் நினைவிலும் அந்த மனிதருக்கு இடமில்லாமல் ஆக்கி வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் யோகமலருக்கு உறைத்தது. அதற்கு மேல் யாரையும் அவள் யோசனை கேட்கவில்லை.

முதல் தவணை கொடுத்த குமாஸ்தாவை அவளுக்கு நினைவிருந்தது. அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், கையெழுத்துத் தாளைத் தள்ளினார். பழைய பதிவைத் திருத்த வழி அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்று தோன்றிற்று. பெயர் கண்ணுசாமி. ஓய்வு பெற்றுக் கீரனூரில் இருப்பதாக பிளெஸ்ஸி விசாரித்துச் சொன்னாள். இருவரும் திருச்சி பஸ் பிடித்துப் போனார்கள். கதவைத் திறந்தவர் அவர் மனைவி மருதாயி.

"ரூம் எத்தனை?" என்று கேட்டார் கண்ணுசாமி, யோகமலர் வந்த விஷயத்தைச் சொல்லி முடித்ததும். வேறு எதுவும் கேட்கவில்லை.

"நாற்பத்தேழு ஐயா."

அவர் உள்ளே போய்ப் பழைய நோட்டு ஒன்றோடு திரும்பினார். பக்கத்தைப் பிரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். '5.9.90. எண் 47. அட்டையில் வயது 34. வந்தவனுக்கு இருபத்திரண்டைத் தாண்டாது. குழந்தை மாமா என்றது. கேட்கவில்லை.'

யோகமலர் அந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். யாருக்கும் தெரியாது என்று பொத்திப் பொத்தி வைத்தது இத்தனை வருடமும் ஒருவர் வீட்டு நோட்டில் எழுதியே இருந்திருக்கிறது.

"ஏன் ஐயா கேக்கேல்லை?"

"அந்தப் பிள்ளை மாமான்னதும் நீங்க அது வாயைப் பொத்துனீங்க. நான் குனிஞ்சுக்கிட்டேன்." அவர் நோட்டை மூடினார். "ஆனா இதை வெளிய எடுத்தா, தெரிஞ்சே பட்டுவாடா பண்ணுனவன்னு ஆயிரும்மா. பென்ஷன்ல கை வைப்பாங்க."

"வச்சா வைக்கட்டும்" என்றார் மருதாயி, காப்பித் தம்ளரை நீட்டியபடி. "மாசம் பொறந்தா அதை வாங்கி நோட்டுல எழுதுறதுதான ஒங்க வேலை. நோட்டாவது மிச்சமாகும்."

"நீ சும்மா இரு. இவளுக்கு எல்லாம் வெளையாட்டு."

"முப்பது வருசமா அந்தம்மா பயந்து செத்துக்கிட்டு இருக்கு. ஒங்களுக்கு ஒரு மாசம் பயந்தா என்ன குறைஞ்சு போச்சு?"

கண்ணுசாமி காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, தன் சொந்த நோட்டு எங்கேயும் செல்லாது, அவர்கள் கேட்பது அரசு முத்திரை, அதற்கு அதிகாரியைத்தான் பார்க்க வேண்டும் என்றார். நானும் வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் நவம்பர் 21ஆம் தேதி காலை பத்தேகாலுக்கு அகதிகள் பிரிவு அலுவலகத்து வாசலில் வெள்ளைச் சட்டையும் பையுமாக அவளுக்கு முன்னாலேயே நின்றிருந்தார்.

அதிகாரி வயதில் இளையவர், மரியாதையானவர். பெயர் வசந்தகுமார். மனுவை இரண்டு தடவை படித்தார். படிக்கப் படிக்க நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

"என்னங்கம்மா இது, இத்தனை வருசமாப் பொய்ப் பேர்ல காசு வாங்கியிருக்கீங்க?"

"ஆறு மாசம் ஐயா. பதினோரு தவணை." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பழைய பதிவு தப்புன்னு நான் எப்படிங்க சர்டிபிகேட் குடுக்க முடியும்? நாளைக்கு என்னையக் கேப்பாங்க, ஒனக்கு எப்படித் தெரியும்னு. நான் அப்ப பொறக்கவே இல்ல. என்னால முடியாதுங்க."

அவரும் பயந்திருந்தார். அதைப் பார்த்து யோகமலருக்கு இன்னும் பயம் கூடிற்று. எழுந்திருக்கப் போனாள். அப்போதுதான் கண்ணுசாமி தொண்டையைச் செருமினார்.

"சார், சர்டிபிகேட் வேணாம். அந்தம்மா தப்பா வாங்குன பணத்தைத் திருப்பிக் கட்டணும்கிறாங்க. எண்ணூத்தி இருபத்தஞ்சு. வாங்கிக்குவீங்களா?"

அதிகாரி யோசித்தார். "கட்டுறேன்னா வேணாம்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லைங்களே."

"அப்ப சலான்ல ஒரு கையெழுத்து போடுங்க. கருவூலத்துல கட்டிக்கிறோம்."

நாற்பது வருட ஆபீஸ் அனுபவத்தில் கண்ணுசாமி கண்டுவைத்திருந்தது அதுதான். ஒரு பதிவைத் தப்பு என்று எழுதிக் கொடுக்க எந்த அதிகாரியும் துணிய மாட்டார். அரசுக்கு வரும் பணத்துக்குக் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் தயங்க மாட்டார். பணம் எதற்காக என்ற வரியைச் சலானில் நிரப்பித்தான் ஆக வேண்டும். அந்த வரியைக் கண்ணுசாமியே நிறுத்தி நிதானமாக எழுதினார்: '1990-91இல் தர்மகுலசிங்கம் என்பவர் முகாமுக்கு வராத நிலையில், அவர் பெயரில் வேறு நபர் பெற்ற உதவித்தொகை, பதினோரு தவணை, திருப்பிச் செலுத்தியது.' வேறு நபர் யார் என்று கேட்க அதில் கட்டம் இல்லை.

இரண்டு நாள் கழித்து, பணம் கட்டும் ஜன்னலுக்கு முன்னால், பேனாவை அவளிடம் கொடுக்குமுன் அவர் ஒரு நிமிடம் நிறுத்தினார்.

"நல்லா யோசிச்சுக்குங்கம்மா. முத்திரை விழுந்துட்டா இது ஒங்க வீட்டுக்காரருக்குச் சாட்சி. ஒங்களுக்கு எதிராவும் இதுதான் சாட்சி. திரும்ப வாங்க முடியாது."

யோகமலர் பேனாவை வாங்கினாள். சுகந்தினியின் வீட்டுச் சாவி கண்முன் வந்தது. அலமாரி வந்தது, குழந்தையின் சட்டைகள் வந்தன. கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்த சத்தத்தில் ஒரு தடவை உடம்பு தூக்கிப் போட்டது.

நகல் அன்றே தபாலில் போயிற்று. பிறகு எட்டு வாரம் ஒன்றுமில்லை. 2023 ஜனவரியில் விசாரணைக்கு இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஒன்றேகால் மணி நேரம் கேட்டார்கள், எல்லாக் காகிதத்தையும் படம் எடுத்துக்கொண்டார்கள். "கூப்பிடும்போது வரணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கே யோகமலர் இரண்டு சேலை, ஒரு போர்வை, மருந்து, சலானின் நகல் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்தாள். பை கதவருகே ஆணியில் தொங்கியது. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. சுகந்தினி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள். பிறகு ஒரு நாள், பையிலிருந்த மருந்துக்குத் தேதி முடிந்துவிட்டதென்று தானே புதிது வாங்கி வைத்தாள்.

இப்படியே அந்த வருடம் போயிற்று, அடுத்த வருடமும் பெரும்பகுதி போயிற்று. பிறகு ஒரு காலை தபால்காரர் அவள் பெயரைச் சொல்லி, பழுப்புக் கவர், கையெழுத்து வேணும் என்று வாசலில் நின்று கூப்பிட்டார். யோகமலர் முதலில் போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் வாசலுக்கு வந்து கவரை வாங்கினாள். ஓரத்தில் ஒட்டியிருந்தது அந்த நாட்டுத் தபால்தலை.

சுகந்தினி பிரித்துப் படித்தாள். அவர் எங்கே என்று அதில் இல்லை. யார் கொண்டுபோனார்கள் என்றும் இல்லை. முந்தைய குறிப்பு நீக்கப்பட்டது என்றும், மேற்படி நபர் 1990 ஜூலை 11ஆம் தேதி மன்னார் மாவட்டத்தில் காணாமல் போனவராகப் பதிவு செய்யப்பட்டார் என்றும் நான்கு வரி இருந்தது.

"தேதியைத் திரும்ப வாசி" என்றாள் யோகமலர்.

சுகந்தினி வாசித்தாள். வாசித்துவிட்டு, "அப்பா குளிச்சுக்கிட்டு இருந்தாராம்மா?" என்று கேட்டாள். அதை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஓம். ஈரச் சாரத்தோடை" என்று தொடங்கினாள் யோகமலர். தோளில் பை அப்படியே இருந்தது.

அந்தக் கடிதம் வந்தது 2024 நவம்பர் 18, திங்கட்கிழமை.