அத்தையோடு பக்கம் மாறினோம்

எங்கள் அத்தை டென்னிஸ் ஆடிப் பிழைத்தவள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற குடும்பத்தில் பிறந்து, விளையாட்டு விடுதியில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்ப் பரிசுப் போட்டி ஆடிய பெண் வேறு யார் இருக்கிறார்கள், காட்டுங்கள் பார்ப்போம்.

அந்த வருடம் போட்டி தர்மபுரிக்கே வந்தது. அத்தை இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டாள். எதிரே கோயம்புத்தூர்க்காரி. அவளிடம் அத்தை அதுவரை நான்கு முறை தோற்றிருந்தாள். ஆனால் எங்கள் வீட்டில் பேச்சு அதைப் பற்றி இல்லை. அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அத்தையைப் பெண் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அப்பாவுக்கு மூத்தவரான பெரியப்பாதான் குடும்பத்தில் பெரிய தலை. அவர் அத்தையிடம் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

“இதுல தோத்தீன்னா மட்டையத் தூக்கி அட்டத்துல போட்டுட்டு வூட்டுக்கு வந்துரணும் பாப்பா. ஆமா.”

அத்தை “சரிண்ணா” என்றாள். பெரியப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

அப்பா, அம்மா, பெரியப்பா, நான் என்று நான்கு பேரும் புளிச்சோறும் மோர்த் தூக்குமாக முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினோம். எனக்கு அப்போது எட்டு வயது. அத்தை நின்ற பக்கமாகப் பார்த்து இடம் பிடித்தோம். முதல் கேம் முடிந்ததும் ஆட்டக்காரிகள் இருவரும் பக்கம் மாறினார்கள். அவ்வளவுதான், நாங்களும் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

எங்கள் ஊர்க் கபடியில் அதுதான் வழக்கம். பாதி ஆட்டத்தில் அணி பக்கம் மாறினால் அதன் ஆட்களும் கூடவே மாறி நிற்பார்கள். மாறாதவன் எதிராளிக்குக் கை தட்டுகிறவன் என்று அர்த்தம். டென்னிஸில் இரண்டு கேமுக்கு ஒரு தடவை மாறுவார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னது? அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடுவர், “கொஞ்சம் சீக்கிரம் உக்காருங்கம்மா, ஆட்டம் நிக்குது” என்று மைக்கில் கெஞ்சினார். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை. பெரியப்பா மட்டும் முதலில் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு, பஞ்சாயத்துக்கு வந்தவர் மாதிரி இறுக்கமாக இருந்தார்.

முதல் செட் போய்விட்டது. இரண்டாவதை அத்தை இழுத்துப் பிடித்து ஏழுக்கு ஐந்து என்று வாங்கினாள். மூன்றாவதில் ஒரு பந்துக்காகப் பாய்ந்து விழுந்து, முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. அம்மா “ஐயோ” என்று எழுந்துவிட்டாள். அத்தை செம்மண்ணைத் தட்டிவிட்டு, ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அடுத்த பந்துக்கு நின்றாள். நான் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். சளி பிடித்திருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறுக்கு ஆறு. செட்டை முடிக்கிற டைபிரேக்கர் வந்தது; ஏழு புள்ளியாவது எடுத்து, இரண்டு புள்ளி முந்தினால்தான் ஜெயிப்பு. அதில் ஆறு புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும், உட்காரக்கூட நேரமில்லை. மூன்றுக்கு மூன்றில் நாங்கள் ஓடினோம். பார்த்தால், எங்களுக்கு முன்னால் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்! “வாங்கடா வெரசா! புள்ள தனியா நிக்குது!” என்று அந்த மைதானமே கேட்கும்படி கத்தினார். ஆறுக்கு ஆறில் மறுபடியும் ஓட்டம். இந்தத் தடவை சிரித்தவர்களில் பாதிப் பேர் எங்களோடு எழுந்து வந்தார்கள்.

ஏழுக்கு ஆறு என்று அத்தை முன்னால் போனாள். இன்னும் ஒரே ஒரு பந்துதான். அதை அந்தக் கோயம்புத்தூர்க்காரி எல்லைக் கோட்டில் போட்டு எடுத்துவிட்டாள். அடுத்ததையும் எடுத்தாள். கடைசிப் பந்து எத்தனை தடவை போய் வந்தது என்று எண்ணவே முடியவில்லை. அத்தை அடித்தது வலையின் மேல்விளிம்பில் பட்டு, அத்தை பக்கமே விழுந்தது.

நான் அழுதேன். ஜெயித்தவள் அத்தையைக் கட்டிப்பிடித்து, எங்கள் பக்கம் திரும்பி, “உங்க பொண்ண ஜெயிக்கறதுக்குள்ள எனக்கு உசுரே போயிருச்சுங்க” என்றாள்.

அத்தை நொண்டிக்கொண்டே வந்து பெரியப்பாவின் முன் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. “கெளம்பலாம்ண்ணா.”

“எங்க கெளம்பற? அடுத்த ஆட்டம் எந்த ஊர்ல?”

அத்தை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். “மதுரைலண்ணா.”

“அப்ப மதுரைக்கு ரெடியாவு. மொதல்ல காலுக்கு மருந்து போடு.”

அங்கேயே போனை எடுத்து மாப்பிள்ளை வீட்டாரை அழைத்தார். “எங்க புள்ளைக்கு ஆட்டம் இருக்குதுங்க. நீங்க வேற எடம் பாத்துக்கங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். அத்தை அண்ணன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

என்னால் தாங்க முடியவில்லை. “தோத்தா வந்துரணும்னு நீங்கதானுங்க பெரியப்பா சொன்னீங்க?” என்று கேட்டேவிட்டேன்.

“நானா? நான் எப்பச் சொன்னேன்?” என்றார், கண்ணை இமைக்காமல்.

அப்பட்டமான பொய். நான் என் காதால் கேட்டிருந்தேன். அம்மாவிடம் முறையிட்டேன், அவள் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. கொடுத்த வாக்கை ஒருநாளும் மாற்றாதவர் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கிய மனிதர், தங்கைக்காக அந்தப் பெயரையே தூக்கிப் போட்டுவிட்டு நின்றார் என்பது எட்டு வயதுக்காரிக்கு எப்படித் தெரியும்? பொய் சொல்கிற பெரியப்பா என்றுதான் நினைத்துக்கொண்டேன்.