கந்தசாமி அண்ணன் மாட்டாத ரெசிஸ்டர்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. பட்டறையில் ஒரு காரின் பம்பரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கந்தசாமி அண்ணனின் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கையில் இருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். தரையில் விட்டுவிட்டுப் போனால் அவர் திட்டுவார்.

நாமக்கல்லில் பதினேழு வருடம் நானும் அவரும் சேர்ந்து கார் எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்தினோம். போர்டில் அவர் பெயர் மட்டும் இருந்தது. ஆளுக்குப் பாதிப் பங்கு. இதைப் படிக்கிற உங்களில் பலருடைய வண்டிக்கு அவர் கை வைத்திருப்பார். அவரைப் பற்றிச் சொல்ல உங்களிடமே நல்லது நிறைய இருக்கும். ஆனால் சேந்தமங்கலம் சாலையில் நடந்த அந்த விபத்துப் பேச்சு வந்தால் மட்டும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறீர்கள். "தங்கமான வேலைக்காரர், அன்னைக்கு ஒருநாள் வேலையில தவறிட்டாரு" என்று சாவு வீட்டிலும் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். தவறியது அவர் இல்லை. அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். காரின் முன் பம்பரில் கீழே இருக்கும் பனி விளக்குக்குப் பழைய பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள். மாட்டியதும் சில வண்டிகளில் மீட்டரில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பிக்கும். எல்.இ.டி. கொஞ்சம் கரண்டைத்தான் குடிக்கும். அதனால் பல்பு போய்விட்டது என்று வண்டியின் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்கிறது. ஒரு ரெசிஸ்டரை வயரில் சேர்த்துவிட்டால் அது மீதிக் கரண்டைக் குடித்துவிடும், மஞ்சள் விளக்கும் அணைந்துவிடும். வந்தவருக்குச் சந்தோஷம். ஆனால் அதற்கப்புறம் பல்பு நிஜமாகவே அணைந்தாலும் வண்டி வாயைத் திறக்காது.

அண்ணன் லேசில் ரெசிஸ்டரைக் கையில் எடுக்க மாட்டார். "மொதல்ல பழைய பல்ப மாட்டிப் பாரு" என்பதுதான் அவருடைய மந்திரம். பழைய பல்பை மாட்டியதும் எச்சரிக்கை போய்விட்டால் வண்டியில் குற்றமில்லை. போகாவிட்டால் வேறெங்கோ கோளாறு இருக்கிறது. ஒருமுறை ஒரு கோழிப்பண்ணைக்காரர் மூன்று பட்டறை ஏறி இறங்கி, இரண்டு ரெசிஸ்டர் போட்டும் மஞ்சள் விளக்கு அணையாமல் எங்களிடம் வந்தார். அண்ணன் பழைய பல்பை மாட்டினார். அப்போதும் எச்சரிக்கை அணையவில்லை. அரை மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்து, எர்த் வயர் உட்காரும் போல்ட்டுக்கு அடியில் யாரோ பெயிண்ட் அடித்திருந்ததைக் கண்டுபிடித்தார். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் எச்சரிக்கை போய்விட்டது. "இத்தனூண்டு பெயிண்டுக்கா இந்தப் பாடு?" என்றார் பண்ணைக்காரர். "அது உள்ளதத்தான் சொல்லிச்சுங்க. நீங்க எல்லாருஞ் சேந்து அது வாய அடைக்கப் பாத்தீங்க" என்றார் அண்ணன்.

நான் அடைத்தேன். அண்ணன் ஒரு காதுகுத்துக்காகத் திருச்செங்கோடு போயிருந்த நாள் அது. துணிக்கடை முதலாளி ஒருவரின் வண்டியை ஓர் ஆக்டிங் டிரைவர் ஓட்டிவந்தார். எங்கள் பட்டறையில்தான் எல்.இ.டி. மாட்டியிருந்தோம். "ஏனுங்க, அந்த மஞ்ச லைட்ட மட்டும் அமத்திக் குடுத்துருங்க. ஓனர் முகூர்த்தத்துக்குப் போகோணும்" என்று பக்கத்திலேயே நின்று அவசரப்படுத்தினார். பழைய பல்பை மாட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். நான் பார்க்கவில்லை. நேராக ரெசிஸ்டரை இணைத்து டேப்பைச் சுற்றி அனுப்பிவிட்டேன். வலதுபக்க விளக்கின் கனெக்டர் லூசாக இருந்திருக்கிறது. மஞ்சள் விளக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மார்கழியில் ஒரு காலை, சேந்தமங்கலத்துக்காரர் மாரிமுத்து மொபட்டில் பால் கேனோடு வந்துகொண்டிருந்தார். எதிராள் தெரியாத பனி. ஹெட்லைட் போட்டால் கண்ணிலேயே திருப்பி அடிக்கிறதென்று எதிரே வந்த துணிக்கடைக்காரர் பனி விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வலது விளக்கு எரியவில்லை. எதிரே ரோட்டின் அந்தப்பக்க ஓரத்தில் ஒற்றை வெளிச்சத்தைப் பார்த்த மாரிமுத்து, பைக் வருகிறது என்று நினைத்து ரோட்டின் நடுவை ஒட்டியே வந்தார். காரின் இருட்டாயிருந்த வலது முனை அவர் மேல் மோதியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது.

டிங்கரிங் முடிந்து வண்டி எங்களிடம் வந்தது. அண்ணன் குனிந்து அந்த டேப்பைப் பார்த்தார். நான் இடதுகைக்காரன், நான் சுற்றிய டேப் மற்றவர்களுடையதற்கு எதிராகத்தான் ஓடும். அவர் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். பக்கத்தில் நின்ற ஓனர், "இத யாரு மாட்டுனது?" என்றார்.

"நாந்தானுங்க" என்றார் அண்ணன்.

நான் இடது கையில் கட்டிங் பிளேயரோடு நின்றுகொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அவர் பழைய ஆளாக இல்லை. நாங்கள் இருவரும் ரெசிஸ்டர் போட்ட வண்டிகளை எல்லாம் தேடிப் புறப்பட்டுவிட்டார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் பந்திக்கு முன்னால் பார்க்கிங்கில் ஒவ்வொரு பம்பராகக் குனிந்து பார்ப்பார். ஓமலூரில் ஒரு வாட்ச்மேன் திருடன் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்துவிட்டான். சிக்னலில் கார் கண்ணாடியைத் தட்டி, "சாமி, ஒருநிமிசம். உங்க வண்டிக்கு நாங்கதான் லைட்டு மாட்டுனோம். பட்டறைக்கு வாங்க, பழைய பல்பே போட்டுத் தாரேன், காசு வேண்டாம்" என்பார். நான் கேலி செய்வேன். அந்தக் கேலியை நினைத்தால் இப்போது எனக்கே என்மீது அருவருப்பாக இருக்கிறது.

நான்கு வருடம். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாய்வரைக்கும் வரும். அதற்குள் டீ வரும், அப்புறம் ஒரு வண்டி வரும். அவரும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், எதையோ சால்டர் செய்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "சொல்றவனுக்குத்தான் பாரம் எறங்கும், குணா. கேக்கறவனுக்கு எறங்காது" என்றார். எனக்குப் புரிந்தது. புரியாதது போலத் தலையைக் குனிந்துகொண்டேன். இன்றைக்கும் பனியில் எதிரே ஒற்றை விளக்கு வந்தால் வண்டியை ஓரங்கட்டி, அது கடந்து போகும்வரை என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காரியத்துக்கு மாரிமுத்து வந்திருந்தார். செயற்கைக் காலோடு பந்தலின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. நான் போய் நின்றேன்.

"அண்ணா, அந்த வயரு நான் போட்டதுங்க. அவரு இல்லீங்க" என்றேன்.

திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாசம் ரெண்டாவது செவ்வாக்கெழம சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகோணும். காலு பாக்கறதுக்கு" என்றார் கடைசியில். "அவருதான் கூட்டிட்டுப் போவாரு. ஏழு மணிக்கு ஊட்டு வாசல்ல நிப்பாரு. இனி நீங்க வந்துருங்க."

அண்ணன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டு எங்கே போகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

நேற்று முதல் முறையாகப் போனேன். ஏழு மணிக்கு வாசலில் நின்றேன். மாரிமுத்து ஊன்றுகோலோடு வெளியே வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்த என்னைத் தாண்டி வண்டிக்கு முன்னால் போனார். "லைட்டப் போடுங்க" என்றார். போட்டேன். இரண்டும் எரிந்தன. "அமத்துங்க" என்றார். அணைத்தேன். "மறுக்காப் போடுங்க" என்றார்.