முப்பத்தொன்று ஐந்தானபோது

மகளின் ஈரக் கையுறைகள் ஹீட்டரில் காயும் வாசனை என்னை பிரெஞ்சு பேசும் நகரொன்றின் வில்லரே பகுதியில் இருந்த எங்கள் பழைய வீட்டுக்குக் கொண்டுபோனது. 2001ஆம் ஆண்டு. பெரியப்பா தொலைக்காட்சியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அமெரிக்க சமோவா என்ற பசிபிக் கடலின் குட்டித் தீவு, உதைபந்தாட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் முப்பத்தொரு கோல் வாங்கியிருந்தது.

குடியேறியவர்களுக்கான பிரெஞ்சுப் பரீட்சையில் இரண்டாம் தடவையும் தேறாதிருந்த அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணை, அவங்களுக்கு அடுத்த மேட்ச் எப்ப?"

"இனியும் விளையாடுவாங்களே?"

விளையாடினார்கள். இன்னொரு பசிபிக் தீவு நாடான டொங்காவிடம் ஐந்து கோல்தான் வாங்கினார்கள். அப்பா எல்லோருக்கும் டோனட் வாங்கிவந்தார்.

"முப்பத்தொண்டு அஞ்சாக் குறைஞ்சிட்டுது, அண்ணை!"

மறுநாளே பிரெஞ்சு வகுப்புக்குத் திரும்பினார்.

பத்து வருடம் கழித்து அந்தத் தீவு அதே டொங்காவை வென்றது. அதுதான் அவர்களின் முதல் அதிகாரபூர்வ சர்வதேச வெற்றி. அப்பா என் வேலையிடத்துக்கே தொலைபேசி எடுத்து, "வெண்டிட்டாங்கள், பிள்ளை" என்றார். அதற்குமேல் அவரால் கதைக்க முடியவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மகள் நிமிர்ந்தாள்.

"அம்மப்பா அழுதவரே?"

"ஓம்," என்றேன். "நானும்தான்."