கரடி தரப்பில் யாரும் பேசவில்லை

ஈரச் சாக்கும் அழுகிய வாழைப்பழமும் பழைய மூத்திரமும் ஒன்றாக வெயிலில் காய்ந்தால் என்ன வாடை வருமோ, அதுதான் தல்லாகுளம் பக்கத்துப் பூங்காவில் இருந்த கரடியின் வாடை. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிற அந்தக் கூண்டைத் தேடி, எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு திருநகரிலிருந்து டவுன் பஸ் ஏறிப் போனவன் நான். காரணம் கொஞ்சம் மானக்கேடானது. ஏழு வயதாகியும் நான் பாயை நனைத்துக்கொண்டிருந்தேன்.

இடி இடித்தால் பயம், பூம்பூம் மாட்டைக் கண்டால் பயம், திருப்பரங்குன்றத்துக் கோயில் யானையை நினைத்தாலே பயம். வீட்டில் என் பெயரைவிட "பயந்தாங்கொள்ளி" என்பதுதான் அதிகம் புழங்கியது. கரடி முடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டினால் பயம் ஓடிவிடும் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். தெருவில் கரடி ஓட்டி வருகிறவர் காசு வாங்கிக்கொண்டு தன் கரடியிடமிருந்து பிடுங்கித் தருவார். அந்த வருஷம் அவர் வரவில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா என் தாய்மாமா? பூங்காக் கரடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு முடி வச்சிருக்கு மாப்ள, ஒரு கொத்து புடுங்குனா கொறஞ்சா போயிரும்?" என்றார்.

கம்பிக்குள் அவர் கை நுழையவில்லை. என் கை நுழைந்தது. காவல்காரர் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, மாமா தடுப்பைத் தாண்டி நின்று, என்னைத் தூக்கிக் கூண்டோரம் பிடித்தார். கரடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெண்டாட்டியோடு சண்டை போட்ட மனிதரைப்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அகப்பட்டதைப் பிடித்து இழுத்தேன். உங்கள் முடியைப் பின்னாலிருந்து ஒருவன் அப்படி இழுத்தால் நீங்கள் என்ன செய்வீர்களோ, அதைத்தான் கரடியும் செய்தது; அதற்கு நகம் மட்டும் கொஞ்சம் நீளம். கரடி உள்ளே இழுக்க, மாமா வெளியே இழுக்க, கடைசியில் சட்டை கரடிக்கு, நான் மாமாவுக்கு என்று பாகம் பிரிந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தையல் போட்டார்கள்.

மாமாவுக்கு அப்போதுதான் பெண் பேசி முடித்திருந்தார்கள். அக்கா மகனைக் கரடியிடம் நீட்டிய மாப்பிள்ளை என்று தெரிந்தால் சம்பந்தம் நிற்குமா? ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள், கையை உதறிவிட்டு நானே கூண்டுக்கு ஓடினேன் என்று கதை தயாராகிவிட்டது. கொல்லைக்குப் போகவே துணை கேட்கிறவன், கரடியிடம் மட்டும் தனியாக ஓடினானாம். ஊர் நம்பியது. என் மூடிய கைக்குள் இருந்த முடியை அம்மா வீணாக்கவில்லை. யார் குற்றம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, அதற்கான ஆதாரம் என் டவுசருக்குள், தாயத்தில், பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பத்திரிகையில் செய்தி வந்ததும் டீக்கடை, சலூன், கோர்ட்டு வாசல் எங்கும் இதே பேச்சு. பிள்ளையைக் கவனிக்காத பெற்றோர்தான் குற்றவாளி என்றது ஒரு கட்சி. கூண்டுக்கு வலை அடிக்காத நிர்வாகமும், டீ குடிக்கப் போன காவல்காரரும்தான் என்றது இன்னொரு கட்சி. "கூண்டுல போட வேண்டியது அந்தப் பயலத்தான்" என்றது மூன்றாவது. எங்கள் தெருவில் மூன்றாவது கட்சிக்குத்தான் செல்வாக்கு. "அவனோட சேராத" என்று தாய்மார்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சு எனக்கே எனக்கு என்று ஆனது. சாயங்காலங்களில் கட்டுப்போட்ட கையோடு காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்து, தெருவில் கோலிக்குண்டு விளையாடுகிறவர்களை மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். அப்பா டீக்கடைக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

நடந்ததை நேரில் அறிந்தவர்கள் மூன்று பேர். மாமா சொல்ல மாட்டார், கரடியால் சொல்ல முடியாது, என்னை யாரும் கேட்கவில்லை. அதனால் எனக்குக் கரடியின் நினைப்பாகவே இருந்தது. அதுவும் இந்நேரம் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கும். அதை எங்கேயோ அனுப்பிவிடப் போகிறார்கள், சுட்டே விடுவார்கள் என்றெல்லாம் பேச்சு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எந்த வழக்கானாலும் மதுரைக்காரர்களுக்குக் கோர்ட்டு மட்டும் போதாது, பட்டிமன்றமும் வேண்டும். எங்கள் பகுதிப் பிள்ளையார் கோயில் விழாவில் தலைப்பே அதுதான்: 'குழந்தை கரடியிடம் சிக்கியது பெற்றோர் குற்றமா, நிர்வாகத்தின் குற்றமா?' என்னைத் தலைசீவி, பவுடர் பூசி, கட்டுப்போட்ட கை வெளியே தெரியும்படி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பேச வந்த ஒவ்வொருவரும் என்னை நோக்கி விரலை நீட்டி, "இதோ இந்தப் பிஞ்சு" என்று தொடங்கினார்கள். பெற்றோரைச் சாடிய அணி முழங்கியபோது, என் பக்கத்தில் இருந்த அப்பா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

நடுவர் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். தீர்ப்புக்கு முன்னால் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, மைக்கைத் தாழ்த்திப் பிடித்து, "கரடி உங்கிட்ட என்னதான் சொல்லுச்சு தம்பி?" என்றார். அவர் வேடிக்கைக்குக் கேட்டார். ஆனால் என்னிடம் யாரோ கேட்டதே அதுதான் முதல்முறை.

"அது சும்மாதான் இருந்துச்சு. மாமா தூக்கிப் புடிச்சாரு, நாந்தான் முடியப் புடுங்குனேன். அத எங்கயும் அனுப்பிறாதீங்க."

பந்தல் அதிரச் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் என் மாமா. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீகளா, பிறாண்டுனதுக்கே வக்காலத்து வாங்குது! இந்தப் புள்ள பெரிய வக்கீலா வரும்" என்றார். பெற்றோருக்குப் பாதிக் குற்றம், நிர்வாகத்துக்குப் பாதிக் குற்றம், தண்டனை மட்டும் முழுசாகக் கரடிக்கு என்று தீர்ப்புச் சொல்ல, கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள்.

கொஞ்ச நாளில் லாரி வந்து கரடியை ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். மெட்ராசுக்கு என்றார்கள், காட்டுக்கு என்றார்கள், கேட்பவருக்குத் தகுந்தபடி. நான் அடம்பிடித்து அப்பாவோடு போய்ப் பார்த்தபோது, கூண்டுக்குள் தோட்டக்காரரின் விளக்குமாறும் பூவாளியும் இருந்தன. பயம் போனதா என்று கேட்பீர்கள். கரடிப் பயம் மட்டும் போனது. மற்ற பயங்கள் எல்லாம் இன்றுவரை குறைவில்லாமல் இருக்கின்றன.

இப்போது அங்கே கூண்டும் இல்லை, டூவீலர் நிறுத்துகிறார்கள். தெருவில் கரடி ஓட்டி வருகிறவர்களும் இல்லை, அது நல்லதுதான். மாமா பேரன் பேத்தி எடுத்து, நிறைவாக வாழ்ந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மேடையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

போன மாதம், வேறேதோ ஊரில், மிருகக்காட்சிசாலை வேலிக்குள் ஒரு குழந்தை விழுந்து பிழைத்த செய்தி எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவுக்கு வந்தது. பெற்றவர்கள் போனை நோண்டிக்கொண்டிருந்திருப்பார்கள் என்றார் ஒருவர். வேலி போட்ட கான்ட்ராக்டரை உள்ளே தள்ள வேண்டும் என்றார் இன்னொருவர். அந்த மிருகத்தை என்ன செய்யலாம் என்பதற்கு ஆளுக்கொரு யோசனை வந்தது. நான் நெடுநேரம் யோசித்து, அடித்து, அழித்து, மறுபடி அடித்து, "அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா?" என்று அனுப்பினேன்.

இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதற்கடுத்த செய்தி, நாளைக் காலை தண்ணீர் வராது என்பது.