தானாகச் சரிசெய்யும் பெட்டியும் என் கையும்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில், காலரை எழுத்தோடு சேர்த்துப் பின்னுகிற கம்ப்யூட்டர் காலர் மெஷின் ஓட்டினேன். அதற்கு முன்னால் பல வருஷம் கைமெஷினை இழுத்து இழுத்துத் தோள் இறங்கியவன். எட்டாவதோடு நின்ற என்னை நம்பி முதலாளி அந்த மெஷினை ஒப்படைத்தார். கெடுத்துவிடுவேனோ என்ற பயம் அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

மெஷின் நல்ல மெஷின். கரண்ட்தான் சரியில்லை. அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பினால் எங்கள் வோல்டேஜ் படுத்துவிடும். காலரில் எழுத்து பாதி வந்திருக்கும்போது மெஷின் எல்லாவற்றையும் மறந்து முதல் வரிக்குப் போய்விடும். அதற்காகச் சுவரில் ஒரு ஸ்டெப்அப் பெட்டி மாட்டியிருந்தோம். வோல்டேஜ் காட்டும் முள் இறங்கினால் அதன் திருகை ஒரு படி ஏற்ற வேண்டும், ஏறினால் இறக்க வேண்டும். நான் முள் இறங்காதபோதும், இறங்கிவிடுமோ என்று ஏற்றி வைப்பேன். அப்படியும் காலர் பாழாகும். நான் திருகியது போதவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு முதலாளி, கரண்டைத் தானாகவே சரிசெய்யும் ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கினார். மாட்ட வந்த இன்ஜினியர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்.

"அந்தப் பழைய பெட்டியக் கழத்திருங்க அண்ணாச்சி. ரெண்டும் ஒண்ணா இருக்கப்படாது" என்றார்.

"சரிங்க" என்றேன். கழற்றவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வேஸ்ட் துணியால் மூடி, முன்னால் நூல் கோன்களை அடுக்கிவைத்தேன்.

மெஷின் முன்னைவிட அதிகமாக மறந்தது. இன்ஜினியர் இரண்டு தடவை வந்து பார்த்து, ஒன்றும் பிடிபடாமல் திரும்பினார். மூன்றாவது தடவை வந்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள சாம்பிள் காலர் ஒண்ணு முழுசா வந்தாகோணும் சாமி. இல்லீன்னா மெஷினத் திருப்பிக் குடுத்தர்றேன். நீ பழயபடி கைமெஷினுக்கே போய்க்க."

இன்ஜினியர் மெஷினுக்கு முன்னால் மீட்டரோடு உட்கார்ந்தார். நான் பின்னால் சுவரோரம் நின்றேன். எழுத்து பாதி வந்தது. புதுப் பெட்டியின் முள் லேசாக ஆடியது. என் கை துணிக்குள் போய் ஒரு படி ஏற்றியது. மெஷின் மறந்தது.

மதியம் வரை இப்படியே நடந்தது. இன்ஜினியர் சோர்ந்துபோய், தன்னோடு படித்த நண்பருக்குப் போன் போட்டார். நண்பர் பெங்களூரில் சிப் வடிவமைக்கிற வேலையில் இருந்தாராம். பேசி முடித்ததும் இன்ஜினியர் என்னிடம் சொன்னார்.

"அவனுக்கும் இதே எழவுதான் அண்ணாச்சி. சிப்புக்குள்ள லட்சக்கணக்குல சுவிட்சு. எல்லாம் ஒண்ணா முழிச்சா உள்ளயே கரண்டு படுத்துருமாம். அதச் சரிபண்ண ஒரு சாப்ட்வேர் வந்திருக்கு. பலவீனமான இடத்த அதுவே கண்டுபிடிச்சு, அதுவே கம்பியத் தடியாக்கிரும்."

"நல்லதுதானுங்களே."

"எங்க? அவன் ஆபீசுல ஒருத்தனும் நம்பல. அது சரிபண்ணதுக்கு மேல இவனுவ கையாலயும் சரிபண்ணுதானுவ. இந்தப் பயலே நல்லா இருந்த இடத்தக் கெடுத்து வச்சிட்டு, சாப்ட்வேர் சரியில்லன்னு மூணு நாளா சண்ட போட்ருக்கான்."

நான் இன்னொரு கோனை எடுத்துத் துணிக்கு முன்னால் அடுக்கினேன்.

"ஏனுங்க, அப்புறம் அவர வேலைய உட்டு அனுப்பிட்டாங்களா?"

"அனுப்பல. ஒத்துக்கிட்டான். ஆபீசுல எல்லாத்துக்கும் பிரியாணி வாங்கிக் குடுக்கச் சொல்லி விட்டுட்டாவ."

"நானும் ஒண்ணு ஒத்துக்கோணுங்க" என்று கோன்களை நகர்த்தித் துணியை இழுத்தேன்.

அவர் எட்டிப் பழைய பெட்டியின் திருகைத் தொட்டுப் பார்த்தார்.

"நீங்க பெங்களூர்ல இருக்க வேண்டிய ஆளு அண்ணாச்சி."

திருகு ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கண் இமைக்கிற நேரம் கரண்ட் அறுந்து வருமாம். வோல்டேஜ் இறங்கினால் புதுப் பெட்டி தூக்கிவிடும்; அறுந்து வருவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாதாம். பழையதைக் கழற்றிக் கீழே வைத்தார். புதுப் பெட்டியிலும் கையால் ஏற்றி இறக்க இரண்டு பொத்தான்கள் இருந்தன. நான் அவற்றைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். வெளியே போய் இரண்டு கிளாஸ் டீ வாங்கிவந்து என் இரண்டு கையிலும் கொடுத்தார். விளிம்பு வரை இருந்தது.

"காலர் முடியுற வரைக்கும் சிந்தாமப் பிடிச்சுக்கிடுங்க."

சாப்பாட்டு நேரம் முடிந்து அக்கம்பக்கத்து மோட்டார்கள் கிளம்பின. முள் சரசரவென்று இறங்கியது. டீ ததும்பி விரலைச் சுட்டது. பெட்டிக்குள் ஏதோ உர்ரென்று சுற்றியது. இறங்கின முள் ஏறி, தன் இடத்துக்கே வந்து நின்றது. மெஷின் எதையும் மறக்கவில்லை. எழுத்து குறையில்லாத காலர் ஒன்று கீழே விழுந்தது.

முதலாளி வந்து காலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன கோளாறுங்க?"

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். "பழைய பெட்டி ஒண்ணு குறுக்க கெடந்துச்சு. எடுத்தாச்சு."

"சரி, மெஷின் இங்கயே இருக்கட்டும்" என்ற முதலாளி, என் கையிலிருந்து ஒரு கிளாஸை வாங்கிக் குடித்தார். "ஆறிப்போச்சே கண்ணு" என்று சொல்லிவிட்டுக் காலரோடு போய்விட்டார்.

இன்னொரு கிளாஸை இன்ஜினியரிடம் நீட்டினேன்.

"நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார். "இன்னும் ரெண்டு காலர் ஓட்டிப் பாக்கணும்."