துப்பாக்கிக்கு அச்செடுத்த நாள்

எனக்குத் தென்காசியில் பல் ஆஸ்பத்திரி. என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், பண்பொழிப் பக்கம் வயல் பார்க்கிறார். குடும்பத்தின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் அவர் பேரில்தான். "வெள்ளைக்காரன் வாரதுக்கு முந்தியே நம்ம வீட்டுக்கு வந்தது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

போன சாரல் சமயத்தில் வயலில் பன்றிகள் இறங்கின. வேட்டுப் போட்டு விரட்ட அத்தான் புதுத் தோட்டாக்கள் வாங்கி வந்தார். பெட்டியில் நீளம் எழுபது மில்லிமீட்டர் என்றிருந்தது. துடைப்பதற்காகத் துப்பாக்கியின் குழல்களைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தார். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துக்கொண்டு அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு கிரீடம், 'பி.டி.' என்ற எழுத்துகள், பக்கத்தில் 12-65.

படமெடுத்து வைத்துக்கொண்டு, பழைய துப்பாக்கிகளின் முத்திரைகளை இன்டர்நெட்டில் தேடினேன். அந்தக் கிரீடமும் எழுத்தும், பிரான்ஸில் குழலைப் புகையில்லாத வெடிமருந்தால் வெடித்துச் சோதித்ததற்கான அடையாளம். 1900-ஐ ஒட்டித்தான் அது புழக்கத்துக்கு வந்தது. பன்னிரண்டு என்பது குழலின் பருமனுக்கான எண்; அறுபத்தைந்து என்பது தோட்டா உட்காரும் அறையின் நீளம், மில்லிமீட்டரில்.

"அத்தான், இது பிரான்ஸ்ல செஞ்சது. நீங்க சொல்லுத அளவுக்குப் பழசு இல்ல. இந்தத் தோட்டாவ இதுல போடாதீங்க, குழல் வெடிச்சிரும்."

"பல்லு பாக்குத வேலையப் பாரும்மா. தோட்டா உள்ள கச்சிதமாப் போகுதுல்லா?"

"தோட்டாவோட மடிச்ச வாயி வெடிக்கும்போது விரிஞ்சாத்தான் எழுபது வரும் அத்தான். விரியுததுக்கு இடமில்ல."

"அது அந்தக் காலத்து நம்பரு. பின்னால எவனாவது அறையக் கடைஞ்சு நீளமாக்கியிருப்பான்."

நியாயமான சந்தேகம்தான். மறுநாள், பல்லுக்கு அச்செடுக்கிற மாவுடன் போனேன். அறைக்கு முன்னால் குழலைத் துணியால் அடைத்து, உள்ளே எண்ணெய் தடவி, மாவை நிரப்பினேன். இறுகியதும் கம்பியால் தள்ள, நீல நிறத்தில் அறையின் வடிவம் அப்படியே வழுக்கி வந்தது. அறை முடிகிற இடத்தில் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது.

"நீங்களே அளங்க."

அத்தான் அளந்தார். அறுபத்தைந்து. துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிற சிநேகிதரிடம் வாங்கி வந்திருந்த, வெடித்து விரிந்த எழுபது மில்லிமீட்டர் தோட்டாக் கூடு ஒன்றை அச்சின் பக்கத்தில் வைத்தேன். விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. அத்தான் தோட்டாப் பெட்டியை மூடினார். பிறகு வீட்டில் எல்லார் முன்னாலும் தோட்டா வாங்கிய கடைக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டிய எடுத்துக்கிடுங்க. எங்க வீட்டு டாக்டரம்மா அச்செடுத்துப் பாத்துட்டா. அறுபத்தஞ்சு வரவச்சுத் தாங்க."

அந்த 'எங்க வீட்டு' என்ற சொல்லில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஒரு வாரத்தில் குற்றாலத்திலிருந்து ஒரு லாட்ஜ்காரர் கூப்பிட்டார். பல் வலி என்று நினைத்தேன்.

"உங்க அத்தான் சொன்னாரு. எங்ககிட்டயும் ஒரு பழைய துப்பாக்கி இருக்கு டாக்டர். கிரீடம் மாதிரி என்னமோ தெரியுது. எந்தக் காலத்துதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"தோட்டா இல்லன்னு ரெண்டு தடவ பாத்துட்டுக் குழலக் கழட்டி வைங்க, வாரேன்" என்றேன்.